462-ஆ, 572-ஆ, 500ஐ-யா: எந்தச் செயின்சா வேகமாக அறுக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களில் சில்வர் ஓக், கற்பூர மரம் எல்லாம் ஒப்பந்தத்துக்கு எடுத்து வெட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். இப்போது கையில் இருப்பது பழைய ஸ்டில் எம்எஸ் 382. அடுத்ததாக ஸ்டில் எம்எஸ் 462, ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்பி, ஸ்டில் எம்எஸ் 500ஐ மூன்றில் எதை வாங்கலாம், எது வேகமாக அறுக்கும், ஒரு வீடியோவில் இது ஜெயிக்கிறது இன்னொன்றில் அது ஜெயிக்கிறது, யாரை நம்புவது என்கிறார். கூடவே, கிளை கழிக்க மட்டும் 58 சிசி மலிவு மிஷின் ஒன்று போதுமா என்றும் ஒரு கேள்வி.

நேரடிப் பதில் இது. ஒரே மாதிரித் தீட்டிய செயின் போட்டு, 50 சென்டிமீட்டர் பாரில் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), நடுத்தரப் பருமனுள்ள மரத்தை அறுத்தால் 462-க்கும் 572-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. ஸ்டாப்வாட்சில்தான் தெரியும், அதுவும் ஒரு நாள் இப்படி ஒரு நாள் அப்படி. 500ஐ ஒரு படி மேலே இருக்கிறது, பருத்த மரத்தில் அது நன்றாகவே தெரியும். ஆனால் இந்த மூன்று மிஷின்களுக்குள் இருக்கும் மொத்த வித்தியாசத்தைவிட, ஒழுங்காகத் தீட்டிய செயினுக்கும் ஏனோதானோ என்று தீட்டிய செயினுக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது. நீங்கள் பார்த்த வீடியோக்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர்கள் மிஷினை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு செயினை ஒப்பிடுகிறார்கள்.

சரி, விவரமாகப் பார்ப்போம். முதலில் கம்பெனிக் கணக்கு. 462 என்பது 72.2 சிசி, 4.4 கிலோவாட், 6 கிலோ. 572 எக்ஸ்பி 70.6 சிசி, 4.3 கிலோவாட், 6.6 கிலோ. 500ஐ 79.2 சிசி, 5 கிலோவாட், 6.2 கிலோ. உங்கள் 382-ம் 72.2 சிசிதான், ஆனால் 3.9 கிலோவாட். ஆக, ஒரே கன அளவுள்ள இரண்டு மிஷின்களுக்கு நடுவே அரை கிலோவாட் இடைவெளி இருக்கிறது, சிசியை மட்டும் பார்த்து விலை பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போர்ட்டுகளின் வடிவம், எரியாத கலவை புகையோடு வெளியே போகாமல் தடுக்கும் ஏற்பாடு, தீப்பொறி விழும் நேரம், சைலன்சர் என்று பல விஷயங்கள் சேர்ந்துதான் ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் பலத்தை முடிவு செய்கின்றன.

எடையைப் பவரால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ சுமக்கிறோம் என்று தெரியும். 500ஐ 1.24, 462 கிட்டத்தட்ட 1.36, 572 ஏறக்குறைய 1.53, உங்கள் 382 ஏறக்குறைய 1.59. இந்த எடை எல்லாம் பார், செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் இல்லாமல் சொல்லும் எடை என்பதையும் மறக்க வேண்டாம், எல்லாம் ஏற்றினால் 6 கிலோ மிஷின் எட்டு கிலோவைத் தாண்டிவிடும். அறுப்பு வேகத்துக்கும் எடைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான், கட்டை மேல் வைத்து அறுக்கும்போது இன்னும் கொஞ்சம் எடை இருந்தால் நல்லது என்றுகூட சிலர் சொல்வார்கள். ஆனால் சரிவில் ஏறி இறங்கி, கிளை கழித்து, மறுபடி நிமிர்ந்து வேலை செய்யும் ஆளுக்கு மதியத்துக்கு மேல் 462-க்கும் 572-க்கும் உள்ள அந்த 600 கிராம் கணக்குத் தெரியும்.

இப்போது பவர் எப்படி அறுப்பாக மாறுகிறது என்று பார்க்கலாம், இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த ரக மிஷின்களில் பெரும்பாலும் 3/8 பிட்ச் செயின்தான் ஓடும். பிட்ச் என்பது அடுத்தடுத்த இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே உள்ள சராசரித் தூரம், அந்தச் செயினில் அது 9.32 மில்லிமீட்டர். செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் இரண்டு பிட்ச் நீளத்தைத் தள்ளும். 7 பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று சுற்றினால் செயின் சுமார் 130 மில்லிமீட்டர் நகரும். மரத்துக்குள் இருக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் செயினின் வேகம் வினாடிக்கு 21.7 மீட்டர். 4.4 கிலோவாட்டை இந்த வேகத்தால் வகுத்தால் இழுவை விசை வருகிறது: சுமார் 200 நியூட்டன். அதாவது உராய்வில் போவதை எல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தால்கூட, அவ்வளவு சத்தம் போடும் மிஷின் செயினை இழுப்பது வெறும் 20 கிலோ அளவு விசையோடுதான்.

அந்த இருபது கிலோவை மரத்துக்குள் இருக்கும் பல்லெல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. சாதாரண செயினில் இடது ஒன்று வலது ஒன்று என்று ஏறக்குறைய 37 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டர், அதாவது மரத்தை அறுக்கும் பல், வரும். 50 சென்டிமீட்டர் மரத்துக்குள் ஒரே நேரத்தில் 13 பல், ஆளுக்கு ஒன்றரை கிலோ. 75 சென்டிமீட்டர் மரமானால் 20 பல், ஆளுக்கு ஒரு கிலோ. அவ்வளவுதான் மிச்சம். அதனால்தான் சின்ன மரத்தில் பறக்கும் மிஷின் பெரிய மரத்தில் முழு பாரையும் புதைத்ததும் முனகுகிறது. அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரைக் காடுகளில் நீளமான பார் போடும் ஆட்கள் பலர் 'ஸ்கிப்' செயின் போடுவது இதற்காகத்தான். அதில் கட்டர்களுக்கு நடுவே ஒரு இணைப்புக்குப் பதில் இரண்டு இணைப்பு, 56 மில்லிமீட்டருக்கு ஒரு பல். 75 சென்டிமீட்டர் மரத்தில் 13 பல்தான் கடிக்கும், மறுபடி ஆளுக்கு ஒன்றரை கிலோ. தூள் வெளியேற இடமும் கூடுதலாகக் கிடைக்கும். சின்ன மரத்தில் ஸ்கிப் போட்டால் உதறும், அங்கே அது வேண்டாம்.

7 பல்லுக்குப் பதில் 8 பல் ஸ்ப்ராக்கெட் மாட்டினால் வேகம் கூடுமே என்று கேட்பவர்கள் உண்டு. செயின் வேகம் வினாடிக்கு சுமார் 25 மீட்டராகும், இழுவை 177 நியூட்டனாக இறங்கும். மரம் மெல்லியதாகவும் மென்மையாகவும் இருந்தால் லாபம், பருத்த கற்பூர மரத்தில் நஷ்டம். வீடியோவில் ஒரு மிஷின் மட்டும் சந்தேகப்படும்படி வேகமாக அறுத்தால் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல் என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம், வீடியோவைப் பார்ப்பதைவிடக் கேளுங்கள். காற்றில் வெறுமனே முறுக்கினால் இந்த மிஷின்கள் 13,500 சுற்றுக்குப் பக்கத்தில் போகும், அந்தச் சத்தத்தில் பலம் கிடையாது. அதிகபட்சப் பவர் கிடைப்பது 9,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்ட வட்டாரத்தில். மரத்துக்குள் போனதும் சத்தம் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிலையாக நின்றால் அழுத்தம் சரி. கீச்சென்று உச்சத்திலேயே கத்திக்கொண்டிருந்தால் அறுப்பவர் போதுமான தீனி கொடுக்கவில்லை, இழுத்து இழுத்து முனகினால் அதிகம் அழுத்துகிறார். 462 சுற்று ஏறுவதில் சுறுசுறுப்பு, 572 கொஞ்சம் அழுத்தினாலும் சுற்றை விடாது. இது என் கருத்து, மற்றவர்கள் மாறுபடலாம். ஆனால் இதில் இருந்து ஒன்று புரியும்: லேசான கையுள்ளவருக்கு ஒரு மிஷினும், மேலே சாய்ந்து அழுத்துபவருக்கு இன்னொன்றும் வேகமாகத் தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை.

500ஐ பற்றி நிறையக் கதை உலவுவதால் ஒரு பத்தி. 2019-ல் வந்தது. கார்புரேட்டர் இல்லாமல் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முதல் செயின்சா. பேட்டரியும் கிடையாது, கயிறு இழுக்கும்போது சக்கரத்தில் பிறக்கும் மின்சாரமே போதும். சோக் இழுத்து விளையாடும் வேலை இல்லை. செயின் 0.25 வினாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று ஸ்டில் சொல்கிறது. இந்த முடுக்கம் ஒரு நீண்ட அறுப்பில் எந்த வித்தியாசமும் தராது, யோசித்துப் பாருங்கள், பதினைந்து வினாடி அறுப்பில் கால் வினாடி எம்மாத்திரம். ஆனால் கிளை கழிக்கும்போது ஆக்சிலரேட்டரைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டுத்தான் வேலை செய்கிறோம், அங்கே அது பெரிய சுகம். நீண்ட அறுப்பில் அதற்கு உதவுவது கூடுதலான அந்த 0.6 கிலோவாட்தான்.

அடுத்து செயின். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன்.

இன்றைய செயினின் வடிவம் 1940-களின் பிற்பகுதியில் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் ஒரு வண்டின் புழு நாரின் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே மாதிரி தின்றுகொண்டு போவதை 1946-ல் கவனித்தார், அதன் தாடை இடமும் வலமுமாக 'சி' வடிவில் இருப்பதைப் பார்த்து எஃகில் செய்து 1947-ல் விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் இருந்த செயின்கள் ரம்பப் பல்லைப் போலச் சுரண்டும். காக்ஸின் செயின் செதுக்கும். அந்த வேறுபாட்டை இன்றும் நீங்கள் தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம்: நல்ல செயின் கனமான செதிலாகத் துப்பும், மழுங்கியது மாவாகத் தள்ளும்.

ஒவ்வொரு கட்டருக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும், அதுதான் ஆழ அளவி. தச்சரின் இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் சீவும் அல்லவா, அதே கதை. திமில் கட்டரின் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து இருக்க வேண்டும் என்பது 3/8 செயினுக்குப் பொதுவான அளவு. இந்த 0.65-ல்தான் எல்லாமே இருக்கிறது. நம் ஆட்கள் பல்லை மட்டும் அரம் போட்டுப் போட்டுத் தேய்ப்பார்கள், திமிலைத் தொடவே மாட்டார்கள். கட்டரின் மேல்தகடு பின்பக்கம் சரிந்துகொண்டே போகும் வடிவம், அதனால் தேயத் தேய அதன் உயரம் குறையும். திமில் அப்படியே நிற்கும். கடைசியில் பல் சவரக்கத்தி மாதிரி இருந்தும் மரத்தைத் தொடாது, ஆள் மேலே ஏறி அழுத்துவார், பார் சூடாகும், மிஷினைக் குறை சொல்வார்கள். 'புது மிஷின் வாங்கினேன், பறக்கிறது' என்று சொல்பவர்களில் பலருக்குப் பறப்பது கூடவே வந்த புதுச் செயின்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. திமிலை அதிகமாகத் தேய்த்தால் செயின் மரத்தை அள்ளிக் கடிக்கும், மென்மையான மரத்தில் கொஞ்சம் வேகம் கூடும், கெட்டியான மரத்தில் எஞ்சின் நின்று நின்று ஓடும், நுனி பட்டால் பார் முகத்துக்கு எகிறும் ஆபத்தும் கூடும். வேகத்துக்காக இதைச் செய்பவர்களின் வீடியோவும் இணையத்தில் இருக்கிறது.

பல்லின் முனையில் இரண்டு வகை. முழு உளி முனை என்றால் மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் இடம் கூரான மூலை. பாதி உளி என்றால் அந்த மூலை சற்று உருண்டையாக இருக்கும். சுத்தமான பச்சை மரத்தில் முழு உளிதான் வேகம், கூர்மையாக இருக்கும் வரை. மண்ணில் ஒரு முறை பட்டாலும் மூலை போய்விடும், அந்த நொடியிலிருந்து பாதி உளியைவிட மோசம். பாதி உளி ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் நாள் முழுக்க ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடும். தோட்டத்தில் கீழே விழுந்து மண்ணில் புரண்ட மரத்தைத் துண்டு போடும் ஆளுக்கு நான் பாதி உளியைத்தான் சொல்வேன். தென்னை அறுப்பவர்களுக்கும் அதுதான். தென்னைத் தண்டின் வெளிப்புறம் கெட்டி, உள்ளே போகப் போக மென்மை, நாரோடு சிலிக்காவும் சேர்ந்து செயினைத் தின்றுவிடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவில் விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் மிஷின் பெயரைப் பேசமாட்டார்கள், அரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அரத்தின் அளவும் முக்கியம். 3/8 செயினுக்கு ஸ்டில் 5.2 மில்லிமீட்டர் அரம் சொல்கிறது, வேறு கம்பெனிச் செயின்களுக்கு 5.5 வரும். சற்றுச் சின்ன பிட்சுள்ள .325 செயினுக்கு 4.8. கடையில் கிடைத்த அரத்தை வைத்துத் தேய்த்தால் கொக்கி மாதிரி உள்ளே வளைந்த விளிம்போ, முதுகு சாய்ந்த விளிம்போ வரும்; முதலாவது இரண்டு மரத்தில் மழுங்கும், இரண்டாவது முதல் மரத்திலிருந்தே வழுக்கும். மேல்தகட்டின் கோணம் செயினைப் பொறுத்து 25-லிருந்து 30 டிகிரி. இடதுபக்கப் பற்களும் வலதுபக்கப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுப்பு வளைந்துகொண்டே போகும், வளைந்த அறுப்பில் பார் நெருக்குண்டு பவர் வீணாகும். வலதுகைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் நன்றாக வரும், இன்னொரு பக்கம் சுமாராகத்தான் வரும். எந்தப் பக்கம் அறுப்பு இழுக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் சோம்பல் என்று தெரிந்துவிடும்.

இனி, நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் எப்படிச் செய்வது. டீலரிடம் இரண்டு மிஷினும் ஓட்டிப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் நியாயமாகச் செய்யுங்கள்.

மரம் நுனி நோக்கி மெலிகிறது. 42 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு மிஷினும், இரண்டு முழம் தள்ளி 40 சென்டிமீட்டரில் இன்னொன்றும் அறுத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பரப்பில் பத்து சதவீதம் வித்தியாசம்: 1,385 சதுர சென்டிமீட்டர் எங்கே, 1,257 எங்கே. 462-க்கும் 572-க்கும் பவரில் இருக்கும் வித்தியாசமே இரண்டு சதவீதம்தான். அதனால் வினாடியை மட்டும் குறிக்காமல் விட்டத்தை அளந்து பரப்பை வினாடியால் வகுங்கள், வினாடிக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர் என்று வரும், அதைத்தான் ஒப்பிடலாம். வெளிநாட்டில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மரத்தைச் சதுரமாக அறுத்து வைத்துக்கொண்டு அதில்தான் சோதிப்பார்கள், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு. கணு இல்லாத இடமாகப் பாருங்கள். மாற்றி மாற்றி அறுங்கள், ஒன்று இது, அடுத்தது அது, அப்புறம் மறுபடி இது. இரண்டு எஞ்சினும் சூடாக இருக்கட்டும். பெட்டியிலிருந்து எடுத்த புது மிஷினை ஓடிப் பழகிய மிஷினோடு ஒப்பிட வேண்டாம், ரிங் படிந்து முழுப் பலம் வர சில டேங்க் பெட்ரோல் ஓட வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் செயின். ஒரே செயினைக் கழற்றி மாட்டிச் சோதித்தால் சுலபம் என்று தோன்றும், ஆனால் ஸ்டில்லின் 3/8 பாரில் வழக்கமாக ஓடுவது 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள செயின், ஹஸ்க்வர்னாவில் 1.5. பாரின் பள்ளம் வேறு, பார் மாட்டும் இடமும் வேறு. ஆகவே ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகைச் செயினை இரண்டு தடிப்பிலும் வாங்கி, ஒரே ஆள், ஒரே அரத்தில், ஒரே நேரத்தில் தீட்டிப் போடுவதுதான் வழி. இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் பொழுதுபோக்காகத்தான் பார்க்கிறேன்.

ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்று ஸ்டில் நடத்தும் மரம் வெட்டும் போட்டியில் 'ஸ்டாக் சா' என்று ஒரு பிரிவு உண்டு. எல்லாருக்கும் ஒரே மாடல் மிஷின், ஒரே பருமனில் மரம், மேலிருந்து கீழே ஒரு துண்டு, கீழிருந்து மேலே ஒரு துண்டு. உலகத்தரமான ஆட்கள்தான் நிற்கிறார்கள், இருந்தும் ஒருவர் முதலில் வருகிறார், ஒருவர் கடைசியில் வருகிறார். மிஷின் ஒன்றாக இருந்தும் நேரம் ஒன்றாக இல்லை. அப்படியிருக்க, ஒருவர் 462-ஐயும் அவர் நண்பர் 572-ஐயும் பிடித்துக்கொண்டு எடுத்த வீடியோவில் எதை அளந்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் இடத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது, சமவெளிக்காரர்கள் இதை யோசிக்க மாட்டார்கள். உயரம். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும், சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனும் குறையும். ஊட்டி 2,240 மீட்டர். கடல் மட்டத்தோடு பார்த்தால் அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பவரும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். கோத்தகிரி உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் 3.9 கிலோவாட் 382 அங்கே சுமார் 3.3 கிலோவாட் மிஷினாகத்தான் வேலை செய்கிறது, அதுவும் கார்புரேட்டர் சரியாகத் திருகியிருந்தால். மேட்டுப்பாளையத்தில் ட்யூன் செய்த மிஷினை அப்படியே மேலே கொண்டுவந்தால் பெட்ரோல் அதிகமாகிப் புகையும், இன்னும் மந்தமாகும். மேலே ட்யூன் செய்ததைக் கீழே கொண்டுபோனால் அதைவிட மோசம், கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 462-ன் சி-எம் ரகத்தில் இருக்கும் எம்-ட்ரானிக், 572-ல் இருக்கும் ஆட்டோட்யூன், 500ஐ-யின் இன்ஜெக்ஷன் மூன்றும் இந்தத் திருகும் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். ஆனால் இல்லாத காற்றை எந்த எலக்ட்ரானிக்சும் கொண்டுவராது, இழந்த பவர் இழந்ததுதான். ஆகவே மலையில் வேலை செய்பவர், சமவெளிக்காரர் எடுப்பதைவிட ஒரு அளவு பெரிய மிஷின் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு 500ஐ-யைப் பற்றி யோசிக்கச் சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். கோத்தகிரியில் அதன் 5 கிலோவாட் சுமார் 4.2-ஆக நிற்கும், கீழே 572 கொடுப்பதற்குப் பக்கத்தில்.

வேகம் பேசும்போது கால்சட்டையையும் பேச வேண்டும், சிரிக்காதீர்கள். செயின்சா பாதுகாப்புக் கால்சட்டைகளைச் செயின் வேகத்தை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள்: முதல் வகுப்பு வினாடிக்கு 20 மீட்டர், இரண்டாவது 24, மூன்றாவது 28. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், 8 பல் மாட்டிய 70 சிசி மிஷின் மரத்துக்குள்ளேயே 25-ஐத் தொடுகிறது, காற்றில் 30-ஐத் தாண்டுகிறது. நம் ஊரில் லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் இதைப் பிடிக்கிறார்கள்.

பெரிய மிஷின்கள் தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் ஸ்டில்லின் 661 எடுக்கச் சொல்வார்கள். 91.1 சிசி, 5.4 கிலோவாட், 7.4 கிலோ. ஹஸ்க்வர்னா 592 எக்ஸ்பி 92.7 சிசி, 5.6 கிலோவாட், அதுவும் 7.4 கிலோ. இவை 75 சென்டிமீட்டர் பாரை நாள் முழுக்கப் புதைத்து அறுப்பவர்களுக்கு. சில்வர் ஓக்குக்கு இது வீண் சுமை. அதற்கும் மேலே ஸ்டில்லின் 121.6 சிசி 881, காட்டிலேயே சட்டம் மாட்டிப் பலகை அறுப்பவர்களுக்கு. பலகை அறுப்பு நார் ஓடும் திசையிலேயே போவதால் அது வேறு வேலை, பல்லின் கோணமே பத்து டிகிரி அளவுக்குத் தட்டையாகிவிடும், குறுக்கறுப்பு வேகத்தை வைத்து அதைக் கணிக்க முடியாது.

அப்புறம், நாள் கணக்கு. ஒரு நாளில் செயின் உண்மையில் மரத்துக்குள் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரம் நடப்பது, மரம் சாயும் திசை பார்ப்பது, ஆப்பு அடிப்பது, பெட்ரோல் ஊற்றுவது, தீட்டுவது, டீ. ஒரு அறுப்பில் ஒரு வினாடி மிச்சம் பிடிக்கும் மிஷின், சூடான பின் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் அந்த மிச்சம் எல்லாம் ஒரே தடவையில் போய்விடும். ஏர் ஃபில்டர் எத்தனை நாள் தாங்குகிறது, கழற்றக் கருவி வேண்டுமா, செயினை இறுக்கும் திருகு கைக்கு எட்டுகிறதா, ஆயில் பம்ப் நீண்ட பாருக்குப் போதுமான ஆயில் விடுகிறதா என்றெல்லாம் கடையில் நின்று பாருங்கள். டீலரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த எலக்ட்ரானிக் மிஷின்களைச் சோதிக்கும் டயக்னாஸ்டிக் கருவி அவரிடம் இருக்கிறதா, சென்சாரும் சோலனாய்டும் கையிருப்பில் வைத்திருக்கிறாரா. இல்லை என்றால் 500ஐ எவ்வளவு வேகமாக அறுத்தாலும் மழைக்காலத்தில் ஒரு மாதம் அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

ஆக என் சிபாரிசு. சர்வீஸ் அருகில் இருந்தால், கையில் பணமும் இருந்தால் 500ஐ, உயரத்துக்காகவும் எடைக்காகவும். பணம் இடித்தால் 462. உங்கள் 382-லிருந்து மாறும்போது தெரிய வேண்டிய அளவுக்கு வித்தியாசம் தெரியும், கை பழகிய கம்பெனியும்கூட. ஹஸ்க்வர்னா டீலர் பக்கத்திலேயே இருந்து ஸ்டில்காரர் கோயம்புத்தூரில் இருந்தால் தயங்காமல் 572 எடுங்கள், அறுப்பில் எதையும் இழக்க மாட்டீர்கள். எதை எடுத்தாலும் 50 சென்டிமீட்டர் பார் போதும், தேவைப்படும்போது மட்டும் 63. கூடவே நான்கு செயின், ஆழ அளவியைப் பார்க்கும் தகடு ஒன்று, சரியான அளவில் ஒரு டஜன் அரம். 382-ஐ விற்க வேண்டாம், அதற்கு வரும் விலை அதிகம் இருக்காது, மாற்று மிஷினாக இருக்கட்டும்.

கடைசியாக அந்த 58 சிசி. மேலே 58 என்று ஒட்டியிருப்பார்கள், அந்த ரகத்தில் பல மாடல்களின் விவரத் தாளிலேயே 54.5 சிசி, 2.2 கிலோவாட் என்றுதான் இருக்கும். ஸ்டில்லின் 261 வெறும் 50.2 சிசி, 4.9 கிலோ, ஆனால் 3 கிலோவாட் தருகிறது. ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி மார்க் 2-வும் 3 கிலோவாட்தான், எடை 5.3 கிலோ. உங்கள் உயரத்தில் அந்த 2.2 கிலோவாட் 1.8-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வீட்டு விறகுக்குச் சரி. தினமும் கிளை கழிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் போவது ஆயில் பம்ப்பும் அதிர்வு தாங்கும் ரப்பரும்தான், அதிர்வில் விரல் மரத்துப்போவது அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். இரண்டு வருடத்தில் இரண்டு மலிவு மிஷின் வாங்கப் போகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, ஓடிய ஆனால் கம்ப்ரெஷன் நன்றாக இருக்கும் 50 சிசி தொழில்முறை மிஷின் ஒன்றைத் தேடுங்கள். வாங்கும் முன் சைலன்சரைக் கழற்றி பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.